முத்திரை வைத்த திருகு

தில்லியில் நம் துறையின் கருவிப் பட்டறையில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகச் சங்க மலரில் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவர்கள் டீக்கடையில் வைத்து இந்தியில் சொல்லட்டும். அழுத்தமானியை எப்படிப் பிரிப்பது, தராசின் கத்தி முனையை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அதை மறுபடி சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். இது ஒரு மலிவான ஏர் ரைபிளைப் பற்றியது, அதை வீட்டில் வைத்து நான் சீராக்கிய லட்சணத்தைப் பற்றியது. படித்துவிட்டு என்னை மதிக்கத் தோன்றாவிட்டால் அது உங்கள் குற்றமில்லை.

முதலில் நான் எப்படிப்பட்ட மெக்கானிக்காக வளர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரமே எங்கள் சூப்பரிண்டெண்டெண்ட் என்னைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "மீட்டர் ஜூட் நஹீ போல்தா, ஆங்க் போல்தீ ஹை." மீட்டர் பொய் சொல்லாது, கண்தான் சொல்லும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் முள்ளைப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. யாராவது புகாரோடு வந்தால் கருவியைத் தொட மாட்டோம். அந்த ஆளை நேராக நிற்க வைத்து, மறுபடி படிக்கச் சொல்வோம். ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்காரர் வெப்பமானியோடு மூன்று முறை வந்தார். இரண்டு முறை அவரை நிற்க வைத்துப் படிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் வெப்பமானியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். குழாயில் மயிரிழை விரிசல். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்ததுதான் நடந்தது.

இன்னொரு வழக்கம் உங்களுக்கும் தெரியும், இப்போதும் செய்கிறீர்கள். கருவியைச் சோதித்துச் சரிசெய்து முடித்ததும், சரிசெய்யும் திருகின் தலையில் ஒரு பொட்டு சிவப்பு அரக்கு வைப்போம். அதுதான் முத்திரை. முத்திரை உடைந்திருந்தால் நாங்கள் பொறுப்பில்லை. கூடவே ஒரு சான்றிதழ். அதில் சோதனையின்போது அறையின் வெப்பநிலை என்ன என்று ஒரு கட்டம். நாங்கள் எல்லாரும் அந்தக் கட்டத்தில் இருபத்தைந்து என்றுதான் போடுவோம். ஏ.சி. ஓடினாலும் இருபத்தைந்து, ஏ.சி. கெட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் இருபத்தைந்து. எந்தத் தணிக்கையிலும் யாரும் கேட்டதில்லை.

அந்தச் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்தவள் எஸ்தர். பாளையங்கோட்டைப் பெண். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பட்டறையை ஒட்டிய அறையில் தினக்கூலிக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஆறு வருடமாகத் தினக்கூலி. கோல் மார்க்கெட் பக்கம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இருந்தாள். நான் கும்பகோணத்துக்காரன், ஆனாலும் அவளுக்கு நான் அண்ணாச்சி. அவள் ஊரில் மரியாதை கொடுக்க வேண்டிய ஆண்கள் எல்லாரும் அண்ணாச்சிதான் என்று சொல்லிவிட்டாள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது துப்பாக்கி சுடுவதில் பரிசு வாங்கியவள் அவள். எங்கள் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு எழுத்தர் பதவி காலியாக இருந்தது. தில்லி அணியில் இடம் பிடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அணிக்கான தேர்வுப் போட்டி ஜனவரியில். முதல் மூன்று பேருக்கு இடம். அவளுக்கு ஏப்ரலில் வயது வரம்பு தாண்டிவிடும். இதைவிட்டால் வேறு வழியில்லை.

"வேலை நிரந்தரமாயிட்டுன்னா குவார்ட்டர்ஸ் கெடைக்கும்லா அண்ணாச்சி. எங்கம்மைய கூட்டிட்டு வந்துருவேன். ஒத்தையில கெடக்கா" என்று சொன்னாள். அவள் கேட்டது அவ்வளவுதான். ஒரு நிரந்தர நாற்காலி, இரண்டு அறை வீடு, அதில் அம்மா.

போட்டியில் சாதாரண ரைபிள்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. வெளிநாட்டு ரைபிள் வைத்திருப்பவர்கள் அதில் வர முடியாது. எஸ்தர் ஒரு உள்நாட்டு ரைபிள் வாங்கியிருந்தாள். குழலை மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும், விசையை இழுத்தால் ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், அந்தக் காற்று ஈயக் குண்டைத் துப்பும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் வாங்கியது அவசரமாகச் செய்யப்பட்டது. உள்ளே அரம் படாத ஓரங்கள், வளைந்த ஸ்பிரிங், விசையை இழுத்தால் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு உணர்வு. சுட்டால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், கன்னத்தில் ஒரு அதிர்வு. பத்துக் குண்டு சுட்டால் ஒரு தட்டு அகலத்துக்குச் சிதறும்.

"இத வச்சிக்கிட்டு நான் என்னத்தச் செய்ய" என்று என் மேசையில் வைத்தாள்.

"கொண்டா. நான் பாக்குறேன்" என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கூடவே, இந்தக் குப்பையை என் கையால் ஒரு கருவியாக்கிக் காட்டுகிறேன் பார் என்ற திமிரும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இப்போது எனக்குத் தெரியும்.

லோதி ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடி. சமையலறையின் பின்கதவிலிருந்து ஹாலைத் தாண்டி முன்பால்கனி வரை நேர்கோடு. அளந்து பார்த்தேன், போட்டியில் சுட வேண்டிய பத்து மீட்டருக்கு ஒரு சாண் குறைந்தது. பால்கனியில் தகரப் பெட்டி ஒன்றில் பழைய போர்வைகளையும் செய்தித்தாள்களையும் திணித்து, முன்னால் பலகை சாத்தி, அதில் இலக்கு அட்டையை ஒட்டினேன். மே, ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க அப்படிப் போயின. என் மனைவி அந்த நேரங்களில் படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சாம்பார் கொதிக்குது, சண்டை முடிஞ்சா சொல்லுங்க, நான் வெளிய வரேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வேலையை நன்றாகவே செய்தேன். ஓரங்களை இழைத்தேன். ஸ்பிரிங் ஆடாமல் இருக்க உள்ளே பித்தளைக் குழல் ஒன்றைக் கடைந்து போட்டேன். பிஸ்டனுக்குப் புதிய தோல் வாஷர் வெட்டி எண்ணெயில் ஊறப் போட்டேன். விசை வெண்ணெய் மாதிரி ஆயிற்று. ஆனால் அந்த 'டொய்ங்' மட்டும் முழுசாகப் போகவில்லை. கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே ஏறி வந்துவிட்டாள். "பாயிசாப், சண்டே கோ தோ சோனே தோ" என்று கையைக் கூப்பினாள். ஞாயிற்றுக்கிழமையாவது தூங்க விடு என்று ஒரு பெண் கைகூப்பினால் என்ன செய்வது. பட்டறையில் பெரிய எடைமேடைகளின் பற்சக்கரங்களுக்குப் பூசும் கரும் கிரீஸ் இருந்தது. ஒரு டப்பி கொண்டுவந்து ஸ்பிரிங் முழுக்க அப்பினேன். ஜூன் மாத வெயிலில் அது தேன் மாதிரி வழிந்து ஒவ்வொரு சுற்றிலும் போய் உட்கார்ந்துகொண்டது. சுட்டேன். 'டப்' என்று ஒரே ஒரு சத்தம். ஒரு தலையணையைத் தட்டினால் வருமே, அப்படி. பத்துக் குண்டும் ஒரு நாலணாக் காசுக்குள் அடங்கிவிட்டன. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

கீழ்வீட்டு ஆன்ட்டியின் மதியத் தூக்கத்துக்காகப் போட்ட கிரீஸ் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர் அதன்பின் நவம்பர் வரை பட்டறையின் மொட்டை மாடியில் மதிய உணவு இடைவேளைகளிலும் சனிக்கிழமை மத்தியானங்களிலும் பழகினாள். நல்ல வெயில் நேரம். அவள் சுடுவதைப் பார்க்க வேண்டும். காற்றுக்குக் காத்திருப்பாள், மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவாள், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. குழலின் மேல், கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறியை ஏற்றி இறக்கவும் நகர்த்தவும் இரண்டு திருகுகள் உண்டு; அவற்றை அவள் கண்ணுக்கு ஏற்றபடி அமைத்தேன். குண்டு நடுவில் விழுகிறது என்று உறுதியானதும் பட்டறையிலிருந்து அரக்கு கொண்டுவந்து இரண்டு திருகுகளிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"போட்டியில பதட்டம் வந்தா கை தானா திருகுக்குப் போகும். ஆளை நம்பலாம், பதட்டத்தை நம்ப முடியாதும்மா."

"நீங்க சீல் வச்சா அது கவர்மெண்டு சீலுல்லா" என்று சிரித்தாள். உலகத்தில் எந்தத் துப்பாக்கிக்காரனும் குறியின் திருகுக்கு முத்திரை வைக்க மாட்டான். தினமும் வெளிச்சம் மாறும், காற்று மாறும், ஆள் மாறுவான், குறியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தத் திருகையே வைத்திருக்கிறார்கள். என்னைப் போலக் காலம் முழுக்க முத்திரை வைத்தே சாப்பிட்டவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள் சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்து சொன்னாள். "இன்னைக்குக் கொஞ்சம் மந்தமா இருக்குதே அண்ணாச்சி. குண்டு ஒரு விரக்கடை கீழ போவுது."

நான் என்ன செய்தேன் தெரியுமா. அவளை நிற்க வைத்து, ரைபிளைப் பிடிக்கச் சொல்லி, அவள் தோளைப் பார்த்தேன், முழங்கையைப் பார்த்தேன். "ஸ்வெட்டர் போட்டிருக்க இல்ல, அதான் பிடி மாறுது" என்றேன். அவள் தலையாட்டினாள். மறுவாரம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்விட்டாள். போட்டிக்கு மூன்று நாள் முன்புதான் திரும்பினாள். ரைபிள் அந்த மூன்று வாரமும் என் வீட்டு அலமாரி மேல் துணி சுற்றிக் கிடந்தது. ஒரு தடவை எடுத்துச் சுட்டுப் பார்த்திருந்தால் போதும். முத்திரை வைத்த கருவியை எதற்கு மறுபடி சோதிப்பது என்று இருந்துவிட்டேன்.

போட்டி நாள். தில்லி ஜனவரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தும் விடியாத மூட்டம், எதிரில் வருகிற பஸ்ஸின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. ரைபிளை ஸ்கூட்டரின் பின்னால் கட்டி, எஸ்தரைக் கோல் மார்க்கெட்டில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டு, அதன்கீழ் சுடுமிடங்கள் அமைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் திறந்த வெளி. போட்டியாளர்கள் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ரைபிள்களை யாரும் அக்குளில் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் கால் மணி நேரம் பழகிக்கொள்வதற்கு. எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம், கணக்கில் வராது. குறியைச் சரிசெய்துகொள்ளத்தான் அந்த நேரத்தையே கொடுக்கிறார்கள். நான் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் நான்கைந்து குண்டு சுட்டாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி சுட்டாள். பிறகு ரைபிளைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். கையில் பக்கத்துப் போட்டியாளரிடம் வாங்கிய சின்ன ஸ்குரூ டிரைவர்.

"அண்ணாச்சி, கீழ விழுது. எல்லாமே கீழ விழுது. கொஞ்சம் ஏத்திக்கிடட்டுமா?"

அவள் குரலில் பதட்டம் இல்லை. இருந்ததாக நான்தான் கேட்டேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒலிபெருக்கியில் இன்னும் ஆறு நிமிடம் என்றான். எனக்குத் தோன்றியதெல்லாம், வேர்த்து வேர்த்து இரண்டு மாதம் பார்த்த ரைபிள், நாலணாக் காசுக்குள் சுட்ட ரைபிள், என் முத்திரை இருக்கிற ரைபிள், இது எப்படித் தப்பாகும் என்பதுதான்.

"பல்லுக் கிட்டுற குளிரு. உன் மூச்சு நடுங்குது, அதான் இறங்குது. மூச்சை நிதானப்படுத்து. முத்திரையில கை வைக்காத."

அவள் ரைபிளைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் கண்ணால் பார்த்ததா, நான் சொல்வதா என்று ஒரு நொடி அவளுக்குள் ஓடியது தெரிந்தது.

"நீங்க சொல்லுதியன்னா சரி" என்று ஸ்குரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

முதல் பத்துக் குண்டும் இறங்கி இறங்கி விழுந்தன. அவள் மூச்சைத் திருத்தினாள். நிற்கும் விதத்தைத் திருத்தினாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் தன்னையறியாமல் கொஞ்சம் மேலே குறிவைத்தாள். அதற்குள் சுட்டுச் சுட்டு ரைபிளின் உள்ளே சூடு ஏறி, குளிரில் இறுகி ஸ்பிரிங்கை மெதுவாக்கியிருந்த கிரீஸ் இளகத் தொடங்கியிருந்தது. குண்டுகள் நடுவுக்கு மேலே போக ஆரம்பித்தன. எதை நம்புவது என்று தெரியாமல், அவ்வளவு நல்ல கை, கடைசி பத்துக் குண்டுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தது. வெயில் வந்தபோது போட்டி முடிந்துவிட்டது. நான்காவது இடம். மூன்று பாயிண்டில் அணி போயிற்று.

இங்கேயே முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன். தவறு எல்லாருக்கும் வரும். அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு.

போட்டியின் பொறுப்பாளர் ஒரு ஓய்வு பெற்ற சுபேதார், ஹரியானாக்காரர். அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் எஸ்தருடையதை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். முதல் வரிசை கீழே, இரண்டாவது நடுவில், மூன்றாவது மேலே என்று விரலால் காட்டினார்.

"யே ஹாத் கா காம் நஹீ ஹை. பந்தூக் கா ஹை." இது கையின் வேலை இல்லை, துப்பாக்கியின் வேலை என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இதைச் செய்த மிஸ்த்ரி நீங்கதானே? ரைபிளில் கோளாறு என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மத்தியானக் குழுவில் இன்னொரு முறை சுட விடுகிறேன். விதியில் இடம் இருக்கிறது. லிக் கே தேதோ, எழுதிக் கொடுத்துவிடுங்கள்." அவர் இந்தியில் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன். பேனாவையும் தானே எடுத்து நீட்டினார்.

நான் அந்த அட்டையைப் பார்த்தேன். பட்டறையில் எத்தனையோ வரைபடங்களைப் பார்த்தவன். குளிரில் இறங்கி, சூட்டில் ஏறும் கோடு எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கரும் கிரீஸ்தான். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள், இரண்டு பேர் எங்கள் அலுவலகத்துக்காரர்கள். நான் செய்த ரைபிளில் கோளாறு என்று நானே என் கையெழுத்தில் எழுத வேண்டும்.

"நஹீ சாப். ரைபிள் டீக் ஹை" என்றேன். இல்லை சார், ரைபிள் சரியாகத்தான் இருக்கிறது என்று.

சுபேதார் எஸ்தரைப் பார்த்தார். அவளுக்கு இந்தி சரளமாக வரும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எனக்காகக் காத்திருக்க மாட்டார் என்று இப்போதும் நம்புகிறேன். "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்பதை அவள் இந்தியில் சொன்னாள். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே ரைபிளைப் பால்கனியில் வைத்துப் பிரித்தேன். கிரீஸ் உறைந்த நெய் மாதிரி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மரக்குச்சியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. என் மனைவி கதவருகில் நின்று பார்த்தாள். சுபேதார் எழுதிக் கேட்டதை வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொல்லியிருந்தேன். அவளுக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் கிரீஸையும் என் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்ள அது தேவைப்படவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

"இப்பவே போய்ச் சொல்லுங்க. நாலு மணிகூட ஆகல. அந்த ஆளு இன்னும் அங்கதான் இருப்பாரு."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

போகவில்லை. எல்லாவற்றையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் போட்டு, சுட்டுப் பார்த்து, பின்குறியைத் திருத்தி அமைத்தேன். பிறகு அலமாரியிலிருந்து அரக்கை எடுத்து இரண்டு திருகுகளிலும் புதிதாக முத்திரை வைத்தேன். அந்தச் சிவப்புப் பொட்டை ஏன் மறுபடி வைத்தேன் என்று பல வருடம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன, பழையபடியே இருக்கிறது என்று அவள் நினைக்கத்தான். திங்கட்கிழமை அவளிடம் கொடுத்தபோது, "உள்ள எதுவும் இருந்ததா அண்ணாச்சி?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "அப்பம் என் மூச்சுதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சு இயந்திரத்துக்குப் போனாள்.

ஏப்ரல் வந்தது, அவளுக்கு வயது தாண்டியது. மறுவருடம் தினக்கூலி ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். புசா ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் சேர்ந்தாள் என்றும், கல்யாணம் ஆயிற்று என்றும் கேள்விப்பட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, அப்போதைய அதிகாரி பேசினார். "இவர் முத்திரை வைத்த கருவி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். உங்கள் சீனியர்கள் சிலரும் அங்கே இருந்தார்கள். கொடுத்த சமோசாவைத் தட்டோடு நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை புசா ரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மருத்துவமனையில் விசாரித்தால் அன்று அவளுக்கு விடுமுறை. பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடியில் ஒரே அறை வீடு. கணவன் வேலைக்குப் போயிருந்தான். எஸ்தருக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், காபி வைத்தாள். சுவரில் அவள் அம்மாவின் படம், பிளாஸ்டிக் மாலையோடு.

"அம்மா எப்ப...?"

"நாலு வருசம் ஆச்சு அண்ணாச்சி. கடைசி வரைக்கும் ஒத்தையிலதான். தில்லிய ஒருதரம்கூடப் பாக்கல."

பீரோவின் மேல் துணி சுற்றிய நீளமான ஒன்று இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவளே இறக்கினாள். "விக்கச் சொல்லுவாரு அவரு. நீங்க கையால செஞ்சதுல்லா, மனசு வரல. அன்னைக்கு மட்டும் எம் மூச்சு நிதானமா இருந்திருந்தா" என்று துணியைப் பிரித்தாள். இரண்டு திருகுகளிலும் என் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அதைத் தொடவே இல்லை.

அப்போது சொன்னேன். கிரீஸ், கீழ்வீட்டு ஆன்ட்டி, குளிர், சுபேதார் அட்டையைக் காட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாவற்றையும். நான் வைத்த இந்த முத்திரை போட்டிக்கு வைத்ததுகூட இல்லை, அதற்கப்புறம் வைத்தது என்பதையும் சொன்னேன். தலையைத் தூக்காமல் சொன்னேன்.  கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான்.

நான் முடித்ததும் அவள் சொன்னாள். "குளிரா. எத்தன சர்ட்டிபிகேட்டுல இருபத்தஞ்சு இருபத்தஞ்சுன்னு அடிச்சிருக்கேன். எனக்கும் தோணலயே."

"உனக்குத் தோணிச்சு. நீ ஸ்குரூ டிரைவரோட வந்த."

அவள் எழுந்து போய்ச் சமையல் மேடையின் இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தாள். என் எதிரில் உட்கார்ந்து ரைபிளை மடியில் வைத்துக்கொண்டாள். நகத்தால் அரக்கைச் சுரண்டினாள். வருடக்கணக்கில் காய்ந்த அரக்கு, சுலபமாகப் பொடிந்து அவள் புடவையில் உதிர்ந்தது.

"அன்னைக்கு எவ்வளவு திருவியிருக்கணும்?"

"அரைச் சுத்து" என்றேன். "அதுக்கப்புறம் சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி."

அவள் திருகின் பள்ளத்தில் முனையை வைத்து அரைச் சுற்றுத் திருப்பினாள். எந்த முயற்சியும் தேவைப்படவில்லை, இரண்டு விரலால் முடிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி?"

"இவ்வளவுதான்."

அவள் ரைபிளை மறுபடி துணியில் சுற்றவில்லை. சுவரோரமாகச் சாத்திவிட்டு, நான் குடிக்காத காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவும் சத்தம் கேட்டது. கழுவி முடித்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.